கர்லிங் இரும்பை எதில் சூடாக்குவது: கேஸ் தீயிலா, கரண்டிலா?

சமீபத்தில் ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து மூன்று விதமாக வந்தது. நாடகக் குழுவுக்கு விக் அலங்காரம் செய்யும் தம்பி ஒருவர், "அக்கா, 1920 காலத்து அலை விழணும். கரண்ட் கர்லர்ல அந்த மடிப்பு வரமாட்டேங்குது. கேஸ்ல சூடாக்குற இரும்பு வாங்கலாமா?" என்று கேட்டார். கல்யாண மேக்கப்புக்குப் போகும் பெண் ஒருவருக்கு, விடியற்காலை முகூர்த்தத்தில் கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். பியூட்டேன் கேஸ் அடைத்த கர்லர் வாங்கலாமா என்றார். மூன்றாமவர் புதிதாகப் பார்லர் திறக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணி, இரும்பைச் சூடாக்கும் மின் அடுப்பு ஒன்றை வாங்கி அனுப்புகிறேன் என்கிறாராம். சரி என்று சொல்லலாமா என்றார்.

மூவருக்கும் ஃபோனில் சொன்னது போதவில்லை. பார்லர் வேலை, விக் வேலை இரண்டிலுமாக கேஸ் ஹீட்டர், மின் அடுப்பு, கரண்ட் கர்லர், பியூட்டேன் கர்லர் என்ற நான்கு வழிகளையும் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். எது எங்கே உதவும், எது எங்கே காலை வாரும் என்பதை முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். உயிருள்ள தலைக்கு, டிகிரி வைக்கும் வசதியுள்ள கரண்ட் கர்லர். விக்கில் பழைய பாணி அலை போட, தனி இரும்பும் மின் அடுப்பும். கேஸ் தீ, வேறு வழியில்லாத இடத்துக்கும் அதைப் பழகிக்கொள்ளப் பொறுமை உள்ளவர்களுக்கும். ஏன் என்பதுதான் இனி வருவது.

## கேஸ் ஹீட்டர் என்றால் என்ன

இப்போதைய கர்லருக்குள்ளேயே சூடேற்றும் பாகம் இருக்கிறது. பழைய இரும்பில் அப்படி எதுவும் கிடையாது. இரண்டு கைகள், நடுவில் ஓர் ஆணி, அவ்வளவுதான். ஒரு கை உருண்டைக் கம்பி. இன்னொன்று அந்தக் கம்பி உள்ளே உட்காரும்படி பள்ளமாக வளைந்தது. சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

அதற்காகச் செய்ததுதான் கேஸ் ஹீட்டர். கீழே ஒரு சின்ன பர்னர், அதன் மேல் படுக்கைவசமாக ஓர் உலோகக் குழாய். இரும்பின் நுனி குழாய்க்குள் போகும், கைப்பிடி வெளியே நிற்கும். தீ குழாயைச் சுடும், குழாய் இரும்பைச் சுடும். இந்தக் குழாய் இல்லாமல் இரும்பை நேராகத் தீயில் காட்டினால் கரி ஒட்டும், அந்தக் கரி அப்படியே முடிக்குப் போகும். விலை குறைந்த ஹீட்டர்கள் சிலவற்றில் குழாயே இருக்காது, ஒரு கம்பித் தாங்கி மட்டும் இருக்கும். அதைத் தொடாதீர்கள்.

இதன் பழைய கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. கேஸ் வருவதற்கு முன்பு ஸ்பிரிட் விளக்கிலும், எண்ணெய் விளக்கின் கண்ணாடிச் சிம்னிக்கு மேலும் இரும்பை வைத்துச் சூடாக்கினார்கள். பின்னாளில் இயந்திரத் துப்பாக்கி செய்த ஹிராம் மாக்சிம் 1866இல் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமை, முடி சுருட்டும் இரும்புக்குத்தான். 1872இல் பாரிஸில் மார்செல் கிராத்தோ என்ற முடி அலங்காரக்காரர் சூடான இரும்பைக் கொண்டு சுருளுக்குப் பதிலாக அலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். அதனால்தான் இன்றும் அந்த அலைக்கு 'மார்செல் வேவ்' என்றும், ஸ்பிரிங் இல்லாத அந்த இரும்புக்கு 'மார்செல் அயர்ன்' என்றும் பெயர். 1920களில் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண்களுக்கு இந்த அலைதான் பெரிய மோகம்.

மற்ற இடங்களில் இந்த முறை மங்கிப்போனபோதும் அமெரிக்காவின் கறுப்பினப் பெண்களுக்கான சலூன்களில் அது நிலைத்து நின்றது. அங்கே அடுப்பில் சூடாக்கும் சீப்பும் மார்செல் இரும்பும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய தொழில். கறுப்பினப் பெண்களுக்கான முடிப் பராமரிப்புப் பொருள்களை விற்ற மேடம் சி. ஜே. வாக்கர் போன்றவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூட்டுச் சீப்பைத் தங்கள் விற்பனையாளர்கள் வழியே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வீடுகளில் சமையலறை கேஸ் அடுப்பே ஹீட்டர். சலூன்களில் பின்னர் மின் அடுப்பு வந்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் கை நுணுக்கங்களில் பல, அந்தச் சலூன்களில் உழைத்த பெண்கள் காப்பாற்றி வைத்தவை.

## எதையெல்லாம் வைத்து எடைபோடுவது

கடைக்காரர் விலையையும் நிறத்தையும் காட்டுவார். நாம் பார்க்க வேண்டியவை வேறு.

சூடு எவ்வளவு என்று தெரிகிறதா? என் கணக்கில் பாதி மார்க் இதற்கே. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். உலர்ந்த முடியில் அது 220 முதல் 240 டிகிரி செல்சியஸுக்குள் உருக்குலைந்துவிடும், அதன் பிறகு எந்த எண்ணெயும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. சாயம் போட்ட முடிக்கும் மெல்லிய முடிக்கும் நான் 150ஐத் தாண்டுவதில்லை. சாதாரண முடிக்கு 170, 180 போதும். நல்ல கனத்த முடிக்கு 200 வரை போகலாம். ஆக, வேலை நடக்கும் சூட்டுக்கும் முடி கெடும் சூட்டுக்கும் நடுவே இருப்பது 30, 40 டிகிரி இடைவெளிதான். ஈர முடியில் இந்த இடைவெளியும் கிடையாது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி முடித்தண்டுக்குள்ளேயே குமிழ் விடும், அந்த இடத்தில் முடி ஒடியும்.

ஒரு பிடிக்குப் பிறகு சூடு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது? ஐம்பது பிடி முடி போட வேண்டிய விக்கில் இதுதான் நேரத்தை முடிவு செய்யும்.

எங்கே வைத்து வேலை செய்கிறீர்கள்? ஏசி போட்டு மூடிய அறையா, மண்டபத்து மணமகள் அறையா, மேடைக்குப் பின்னால் உள்ள ஷெட்டா?

விலைச்சீட்டில் எழுதாத செலவு என்ன? டிரான்ஸ்ஃபார்மர், ரெகுலேட்டர், ஹோஸ், கேஸ் அடைத்த சின்னக் குப்பியான கேட்ரிட்ஜ், பழகும் காலத்தில் கெடுத்த முடி, எல்லாம் சேர்த்து.

உங்கள் கை எதற்குப் பழகியிருக்கிறது? ஸ்பிரிங் வைத்த கர்லரும் மார்செல் இரும்பும் கையில் ஒரே மாதிரி நடக்காது.

## வழி 1: கேஸ் ஹீட்டரும் மார்செல் இரும்பும்

நல்லதிலிருந்து தொடங்குகிறேன். இரும்பு கனமாக இருப்பதால் சூட்டைச் சேர்த்து வைத்திருக்கும். 300 கிராம் இரும்பு 200 டிகிரியிலிருந்து 150க்கு இறங்கும்போது சுமார் 7 கிலோஜூல் சூட்டை விடுகிறது. அந்தச் சூட்டைத் திருப்பித் தர, 50 வாட் கரண்ட் கர்லருக்கு இரண்டே கால் நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு கிலோவாட் கேஸ் பர்னரில் கால்வாசிச் சூடுதான் இரும்புக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இரண்டு இரும்பை மாற்றி மாற்றி வைத்தால் கை காத்திருக்கவே வேண்டாம்.

அலையின் மடிப்பு கூர்மையாக விழுவதற்குக் காரணமும் இந்த இரும்புதான், கேஸ் இல்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்பிரிங் இல்லாததால் எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பது நம் விரலில் இருக்கிறது. இரும்பைக் கால் சுற்று உருட்டி, சீப்பால் முடியை எதிர்ப்பக்கம் ஒரு விரற்கடை தள்ளினால் மேடு எழும். அடுத்த பிடியில் எதிர்த் திசை. அந்த உருட்டலில் இரும்பு 'டிக் டிக்' என்று திறந்து மூடும். அந்தச் சத்தம் ஒரே தாளத்தில் வர ஆரம்பித்தால் கை பழகிவிட்டது என்று அர்த்தம்.

இனி கேஸின் பிரச்சினைக்கு வருகிறேன். சூடு எவ்வளவு என்று அது சொல்லாது. பழைய ஆட்கள் வெள்ளைக் காகிதத்தில் இரும்பை மூடிப் பார்த்தார்கள். காகிதம் பழுத்தால் இரும்பு முடிக்கு ஆகாது, ஆறவிட வேண்டும். நானும் டிஷ்யூ தாளில் அதையே செய்கிறேன். ஆனால் இது 'கூடாது' என்பதை மட்டும்தான் சொல்லும், 160க்கும் 190க்கும் வித்தியாசம் காட்டாது.

இன்னொரு அடையாளம் இரும்பின் நிறம். பூச்சில்லாத, பளபளவென்று தேய்த்த எஃகு 220 டிகிரி பக்கம் போகும்போது வெளிர் வைக்கோல் நிறம் ஏறும். 300ஐ நெருங்கினால் நீலம். ஒருமுறை ஏறிய நிறம் ஆறிய பிறகும் அப்படியே நிற்கும். உங்கள் இரும்பின் நுனியில் வைக்கோல் நிறம் தெரிந்தால் அது ஒருநாள் முடிக்கு ஆகாத சூட்டைத் தொட்டிருக்கிறது என்று பொருள். பழைய இரும்பு வாங்கப் போனால் இதைப் பாருங்கள். நுனி நீலமாக இருந்தால் அதை வைத்திருந்தவர் தீயில் விட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருக்கிறார்.

"லேசர் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்கிறேன்" என்று நாடகத் தம்பி சொன்னார். அதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் கருவி பொருளிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளக்கிறது. பளபளப்பான உலோகம் அந்தக் கதிரைக் குறைவாகத்தான் விடும். அதனால் உண்மையான சூட்டைவிடக் குறைவாகவே காட்டும். திரையில் 110 என்று இருக்கும், இரும்பு 200இல் இருக்கும். இதை நம்பி முடியில் வைத்தால் போச்சு. கம்பி முனையால் தொட்டுச் சூட்டை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள், மின் அளவைக் கருவியான மல்ட்டிமீட்டரோடு சேர்ந்து வருவது, அதுதான் சரி.

எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு ராணி வேஷத்துக்கான விக். முன் நெற்றியில் வலையில் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட்டுக் கட்டியது. மாலை ஆறரைக்குக் குழு வந்துவிடும் என்ற அவசரத்தில் டிஷ்யூ வைத்துப் பார்க்காமல் இரும்பை எடுத்தேன். பிடித்து இரண்டு நொடிகூட இருக்காது. எரிந்த இறகு வாசம். இரும்பைத் திறந்தபோது முடி இருந்தது, நிறமும் மாறவில்லை. சீப்பை வைத்ததும் அந்தக் கற்றை முழுதும் சீப்போடு வந்துவிட்டது, நெற்றியில் அரை அங்குல முள் மட்டும் நின்றது. அதைச் சரிசெய்ய இரண்டு இரவு உட்கார்ந்து முடிச்சுப் போட்டேன். விக் என்பதால் இரண்டு இரவோடு போயிற்று. ஒரு பெண்ணின் தலையாக இருந்திருந்தால் அந்த இடம் நிரம்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

அப்புறம் இடம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும், மேலே இருக்கும் ஜன்னல் அதற்கு உதவாது. பார்லரில் என்னென்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஹேர் ஸ்பிரே டப்பாவிலேயே எரியும் வாயுவும் ஆல்கஹாலும் உண்டு. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன், ஸ்பிரிட், பஞ்சு, நைலான் துண்டு. இவற்றின் நடுவே திறந்த தீ. ஏசி போட்டு மூடிய அறையில் தீ எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் சேரும், அதற்கு வாசம் கிடையாது. காற்று வர ஜன்னலைத் திறந்தால் தீ ஆடும், ஆடினால் சூடு மாறும். காற்றோட்டமும் வேண்டும், தீயும் ஆடக்கூடாது. அதற்குத் தடுப்பு வைக்க வேண்டும்.

தீயின் நிறத்தையும் பாருங்கள். எரிவதற்கு முன்பே காற்று சரியாகக் கலந்தால் தீ நீலமாக இருக்கும், கரி விடாது. மஞ்சள் நுனி தெரிந்தால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டு அதைச் சுத்தம் செய்யுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, "கேஸ் மலிவு" என்பது இந்த வேலைக்கு உண்மையில்லை. ஒரு கிலோ எல்பிஜியில் சுமார் 12.7 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான சூடு இருக்கிறது. ஒரு கிலோவாட் பர்னர் மணிக்கு 80 கிராம் போல எரிக்கும். பெரும்பகுதி அறையைத்தான் சுடும். அதோடு வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைப் பார்லரில் வைக்கக் கூடாது. வணிகத்துக்கான 19 கிலோ சிலிண்டரோ 5 கிலோ சின்ன சிலிண்டரோதான் வாங்க வேண்டும். ரெகுலேட்டர், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் ஹோஸ், ஒரு தீயணைப்பான், இவையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இது யாருக்கு: கரண்ட் இணைப்பே இல்லாத இடத்தில் நாடகம் போடும் குழுவுக்கு, திறந்தவெளியில் விக் வேலை செய்பவர்களுக்கு, பழைய காலக் கதைப் படப்பிடிப்பில் கேமராவுக்கு முன்பே இந்த வேலையைச் செய்து காட்ட வேண்டியவர்களுக்கு. மற்றவர்கள் அடுத்த வழியைப் படியுங்கள்.

## வழி 2: மின் அடுப்பும் அதே மார்செல் இரும்பும்

கையளவுப் பெட்டி, உள்ளே சூடேறும் ஒரு குகை. இரும்பைச் செருகி எடுக்க வேண்டியதுதான். மேலே சொன்ன கேஸின் நல்ல குணங்கள் எல்லாம் இதிலும் உண்டு, ஏனென்றால் அவை இரும்பின் குணங்கள். தீ, கரி, வாயு மூன்றும் இல்லை. காற்றடித்தாலும் சூடு மாறாது.

ஆனால் இதிலும் முடிக்கு ஏற்ற சூட்டில் இரும்பு தானாக நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். அடுப்பின் உட்புறம் முடி தாங்கும் சூட்டைவிட மிக அதிகமாகப் போகும். இரும்பை எவ்வளவு நேரம் உள்ளே விட்டீர்கள் என்பதுதான் கணக்கு. டயல் வைத்த அடுப்பு வாங்கினால், ஒரே அளவில் வைத்து, ஒரே இரும்பை, இத்தனை நொடி என்று எண்ணி எடுக்கலாம். இரண்டு மாலை தெர்மோகப்பிளோடு உட்கார்ந்து 20 நொடி, 30 நொடி, 40 நொடி என்று எழுதி வைத்துக்கொண்டால் பிறகு டிஷ்யூ சோதனை வெறும் உறுதிப்படுத்தல்தான். கேஸில் இந்தப் பட்டியல் நிற்காது. சிலிண்டர் தீரத் தீர, காற்று மாற மாற, அது பொய்யாகும்.

அண்ணி அனுப்பும் அடுப்பு விஷயத்துக்கு இப்போது வருகிறேன். அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் ஊர் 230. பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் அதன் கம்பிச் சுருள் மூன்றரை மடங்குக்கு மேல் மின்சக்தியை இழுக்கும். என் உறவினர் ஒருவர் கொண்டுவந்த அடுப்பை நான் அப்படித்தான் செருகினேன். குகை வாய் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது, ஒரு நிமிடத்தில் 'டப்' என்று சுருள் அறுந்தது. புது அடுப்பு, ஒரு கற்றை முடிகூடப் பார்க்கவில்லை. இதற்கு வோல்ட்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அடுப்பின் வாட்டைவிட நல்ல இடைவெளி விட்டுப் பெரிதாக வாங்க வேண்டும். அது செங்கல்லைவிடக் கனமாக இருக்கும், விலையும் அடுப்பின் விலையில் கணிசமான பங்கு. ஆகவே அடுப்பின் அடியில் 220-240 வோல்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். இரும்பை எங்கிருந்து வேண்டுமானாலும் வரவழைக்கலாம், அதற்கு வோல்ட் கணக்கு கிடையாது.

இது யாருக்கு: விக் அறை, நாடகக் குழுவின் நிரந்தர இடம், பழைய பாணி அலையைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் பார்லர். நாடகத் தம்பிக்கு என் பதில் இதுதான். அவருடைய குறை கரண்டில் இல்லை, ஸ்பிரிங் வைத்த கர்லரில் இருந்தது.

## வழி 3: டிகிரி வைக்கும் கரண்ட் கர்லர்

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. உயிருள்ள தலையில் வேலை செய்யும் எல்லோரிடமும் முதலில் இருக்க வேண்டியது இதுதான். 160 என்று வைத்தால் அந்தப் பக்கத்திலேயே நிற்கும். வாடிக்கையாளர் பேசிக்கொண்டே தலையைத் திருப்பினாலும், நடுவில் ஃபோன் வந்தாலும், கம்பி தானாகச் சூடேறிக்கொண்டே போகாது.

குறை, நான் முன்பு சொன்ன வாட் கணக்கு. குறைந்த வாட் கர்லர் கனத்த முடியில் ஐந்தாறு பிடிக்குப் பிறகு களைத்துவிடும். திரையில் எண் மாறாது, ஆனால் சுருள் தளரும். நம் பெண்களின் நீளமான, அடர்த்தியான முடிக்கு வாட் அதிகமுள்ளதாகப் பாருங்கள். கற்றையையும் மெல்லிசாக எடுங்கள். மார்செல் கைப்பிடியோடு வரும் கரண்ட் கர்லரும் கிடைக்கிறது. உருட்டுவது நம் கையில், சூடு கர்லரின் பொறுப்பில். அலை பழகத் தொடங்குபவர்களுக்கு நான் இதையே கொடுப்பேன்.

முகூர்த்தப் பயத்துக்கு ஒரு கணக்கு. 50 வாட் கர்லர் இரண்டு மணி நேரம் ஓடினால் 0.1 யூனிட். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் பெயரளவு சக்தி 1.8 யூனிட். மண்டபத்தில் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இருந்தால் கர்லர் அதற்கு ஒரு பல்பு மாதிரிதான். திணற வைப்பது 1500 வாட் டிரையர். ஆக, முடியை வீட்டிலேயே உலர்த்திவிட்டு வரச் சொல்லுங்கள், மணமகள் அறையில் எந்தப் பிளக்குக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கிறது என்று முந்தைய நாளே கேட்டு வையுங்கள். கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கர்லரின் கம்பியை ஒருபோதும் கேஸ் தீயில் காட்டாதீர்கள். "கரண்ட் போச்சு, சும்மா அடுப்புல காட்டிக்கிட்டேன்" என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒட்டாமல் இருக்கப் பூசிய டெஃப்லான், 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கி நச்சுப் புகை விடும். உள்ளே இருக்கும் ஒயரும் உருகும்.

## வழி 4: பியூட்டேன் கர்லர்

கேஸும் வேண்டும், அடுப்பு சுமக்கவும் முடியாது என்பவர்களுக்கு வந்தது. கைப்பிடிக்குள்ளேயே பியூட்டேன். சிலவற்றில் லைட்டர் கேஸை நிரப்பலாம், சிலவற்றில் அந்தந்த கம்பெனி கேட்ரிட்ஜ்தான் பொருந்தும். உள்ளே கேஸும் காற்றும் பிளாட்டினம் பூசிய வலையில் பட்டு, தீக்கொழுந்து இல்லாமலே எரிந்து கம்பியைச் சூடாக்கும்.

பையில் போட்டுக்கொண்டு போகலாம், ஒயர் இல்லை, இரண்டு மூன்று நிமிடத்தில் தயார். மேடைக்குப் பின்னால் நின்றபடி ஒரு நெற்றிச் சுருளைச் சரிசெய்ய இதைவிட வசதியானது இல்லை.

ஆனால் பெரும்பாலானவற்றில் டிகிரி வைக்க முடியாது. மொத்தத் தலையும் போட்டு முடிப்பதற்குள் கேஸ் தீர்ந்துவிடலாம். பியூட்டேன் -0.5 டிகிரியில் கொதிக்கும் வாயு. குளிர் கூடக் கூட அதன் அழுத்தம் குறையும். மார்கழி, தை மாதத்தில் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ விடியற்காலை ஐந்து மணிக்கு இது சோம்பிக் கிடக்கும். கைக்குள் வைத்துச் சூடு கொடுத்தால்தான் எழும்பும். பயணத்திலும் தொல்லை உண்டு. விமானத்தில் பாதுகாப்பு மூடி போட்ட ஒன்றை மட்டும் அனுமதிப்பார்கள், எந்தப் பையில் என்பதில் நாட்டுக்கு நாடு விதி மாறும். தனியாக ரீஃபில் கொண்டுபோகக் கூடாது. ரயிலில் எளிதில் தீப்பற்றும் பொருளுக்கு அனுமதியே கிடையாது, 1989 ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் தண்டனையும் உண்டு. கேட்ரிட்ஜ் வகை வாங்கினால், அந்தக் கேட்ரிட்ஜ் உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். கிடைக்காவிட்டால் கர்லர் வெறும் குச்சி.

இது யாருக்கு: ஏற்கெனவே நல்ல கரண்ட் கர்லர் வைத்திருப்பவருக்கு, அவசரத்துக்கு இரண்டாவது கருவியாக.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | கேஸ் ஹீட்டர் | மின் அடுப்பு | கரண்ட் கர்லர் | பியூட்டேன் கர்லர் |
|---|---|---|---|---|
| சூடு தெரிகிறதா | இல்லை. காகிதம், தெர்மோகப்பிள் | நொடி எண்ணிப் பழகலாம் | ஆம் | பெரும்பாலும் இல்லை |
| சூடு திரும்பும் வேகம் | மிக வேகம் | வேகம் | வாட்டைப் பொறுத்தது | சுமார் |
| மூடிய அறையில் | கூடாது | சரி | சரி | காற்றோட்டம் வேண்டும் |
| கூர்மையான பழைய அலை | வரும் | வரும் | மார்செல் கைப்பிடி இருந்தால் வரும் | கடினம் |
| மறைந்த செலவு | சிலிண்டர், ஹோஸ், தீயணைப்பான், கெட்ட முடி | டிரான்ஸ்ஃபார்மர் | அதிக வாட்டுக்கான கூடுதல் விலை | கேட்ரிட்ஜ் |
| செயற்கை இழை விக்கில் | வேண்டாம் | வேண்டாம் | சூடு தாங்கும் இழை என்று எழுதியிருந்தால், அந்த அளவுக்குள் | வேண்டாம் |

கடைசி வரியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மார்செல் இரும்பைப் பற்றி நான் சொன்னதெல்லாம் மனித முடியில் செய்த விக்குக்கு. சாதாரணச் செயற்கை இழை இரும்பு பட்டதும் உருகி இரும்பில் ஒட்டிக்கொள்ளும். விக் எது என்று சந்தேகமாக இருந்தால் உட்புறத்திலிருந்து ஒரே ஓர் இழையை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். மனித முடி சாம்பலாகி விரலில் நொறுங்கும், செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகும்.

## கேஸ்தான் என்று முடிவு செய்துவிட்டால்

சிலருக்கு இடம் அப்படி. மூன்று மாதம் ஊர் ஊராகப் போகும் குழுவில் ஜெனரேட்டர் விளக்குக்கே போதாது. அவர்களைத் தடுக்க எனக்கு மனசில்லை, பத்திரமாகச் செய்ய வேண்டும் என்பதுதான் என் கவலை.

குழாய் உள்ள ஹீட்டராக வாங்குங்கள். சிலிண்டர் திறந்த இடத்தில், ஹீட்டர் அசையாத மேசையில், ஸ்பிரேயும் ஸ்பிரிட்டும் எட்டாத தூரத்தில். சோப்புத் தண்ணீரை ஹோஸ் இணைப்பில் தடவிக் குமிழ் வருகிறதா என்று ஒவ்வொரு ஊரிலும் பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள். மேசையில் ஒரு ஈரத்துணி, ஒரு உலர்துணி, டிஷ்யூ தாள், கடினமான ரப்பர் சீப்பு. பிளாஸ்டிக் சீப்பு வளைந்துவிடும். இரும்பைக் குழாயிலிருந்து எடுத்ததும் உலர்துணியில் துடையுங்கள், டிஷ்யூவை மூடி ஐந்து எண்ணுங்கள், தாள் வெள்ளையாகவே இருந்தால் முடிக்குப் போங்கள். பழுத்தால் காற்றில் சுழற்றி ஆறவிட்டு மறுபடி டிஷ்யூ. ஈரத்துணியில் தொட்டுக் குளிர வைக்கலாம், ஆனால் ஈரம் ஒட்டிய இரும்பை முடியில் வைக்காதீர்கள்.

முதல் வாரம் விக்கைத் தொடவே வேண்டாம். வெட்டிப்போட்ட மனித முடியைக் கொத்தாகக் கட்டி, ஒரு பலகையில் ஆணியடித்து, அதில் பழகுங்கள். ஒவ்வொரு கொத்தையும் இரும்பு பட்ட பிறகு ஆறவிட்டு நடுவில் பிடித்து இழுத்துப் பாருங்கள். முடி இழுபட்டுத் திரும்பினால் சரியான சூடு. பொட்டென்று அறுந்தால் அந்தக் கொத்துக்குப் பக்கத்திலேயே எத்தனை நொடி தீயில் விட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். இருபது கொத்து அறுபடாமல் வந்த நாளில் விக்கைப் பலகைக்குக் கொண்டுவரலாம், அதுவும் முன் நெற்றியில் தொடங்காமல் பின் கழுத்துப் பக்கத்திலிருந்து.